ஒரு மணி வரை தண்ணீர் விடாதீர்கள்

தொப் என்கிறது. மறுபடியும் தொப். கீழே பின்பக்கச் சுவரோரம் நின்று பிளம்பர் சவரிமுத்து மாடிக் கக்கூஸின் பழைய இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடிக்கிறார். மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நான் அந்தச் சத்தத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல இரும்பு தொப் என்று சொல்லாது. ணங் என்று சொல்லும், சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே முனகிக்கொண்டிருக்கும். முப்பத்து நாலு வருஷம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத்தான் ரயில்வேயில் சம்பளம் வாங்கினேன். வண்டி வந்து நின்றதும் நீளப்பிடி வைத்த சுத்தியலோடு குனிந்து நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு, ஒரு நொடி காது, அடுத்த சக்கரம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். தெரிந்தால் அந்தப் பெட்டி மேல் சாக்பீஸால் ‘சிக்’, அதாவது சீக்காளி, என்று பெரிதாக எழுதிவிடுவேன், கழற்றிக்கொண்டு போய் சிக் லைன் என்கிற தனித் தண்டவாளத்தில் நிறுத்திவிடுவார்கள். வண்டி ஏற்கெனவே லேட்டு, இந்த ஒரு தடவை விட்டுடுங்க தெய்வசிகாமணி என்று கார்டு கெஞ்சுவார், ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சுவார். விட்டதில்லை. ஒரு தடவைகூட விட்டதில்லை என்று கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில், பல் டாக்டரிடம்கூடப் பெருமை பேசியிருக்கிறேன். ரிட்டயர் ஆன மறுமாதம் கை சும்மா இருக்க முடியாமல் இந்தக் குழாயையும் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஜாயிண்டுக்குக் கீழே செத்த சத்தம். மூன்று வருஷமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாற்ற வேண்டும், மாற்ற வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறப்பது என்ற பேச்சே எனக்கு ஆகாது. இப்போது மட்டும் எப்படித் திறக்கிறார்கள் என்றால் ஆவணியில் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம், கரூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இரண்டு நாள் தங்குவார்கள், அவர்கள் மூக்கில் இந்த நாற்றம் ஏறினால் மானம் போய்விடும் என்று என் வீட்டுக்காரி இந்திராணி முடிவெடுத்துவிட்டாள். அவள் முடிவெடுத்துவிட்டால் என்னிடம் கேட்பாள், கேட்பது ஒரு மரியாதைக்காக. காலை எட்டரைக்கு உத்தரவும் வந்துவிட்டது. “ஒம்போதுலேருந்து ஒரு மணி வரைக்கும் யாரும் பாத்ரூம் பக்கம் போவக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி விடக் கூடாது. அந்தாளு தலையிலதான் விழும், பாவம் புடிச்சுக்கும்.” யாரும் என்றால் யார்? கீழ் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். மகள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். யாரும் என்றால் நான். மணி பத்து ஐந்து. அடிவயிற்றில் ஏதோ திரும்பிப் படுக்கிறது.

திரும்பிப் படுத்தது தூங்கிவிடும். பேசாமல் இருந்தால் தூங்கிவிடும். இதெல்லாம் கவனிக்கக் கவனிக்கத்தான் எழுந்துகொள்ளும், ஆகவே நான் அப்பாவை நினைக்கிறேன். எழுபத்தொன்றில் அப்பா இந்த வீட்டைக் கட்டினபோது எனக்குப் பத்து வயது. பொன்மலைப்பட்டியில் அப்போது பாதி வீட்டுக்கு மேல் கக்கூஸே கிடையாது, எல்லாரும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முட்காட்டுக்குத்தான் போவார்கள், மாடியில் கக்கூஸ் என்றதும் தெரு சிரித்தது. தலைக்கு மேலேயா போவீங்க என்று கேட்டார்கள். அப்பா அசரவில்லை. காஸ்ட் அயர்ன் பைப்பு, நாலு இஞ்ச், அந்தக் கனம், இரண்டு ஆள் தூக்கினார்கள். ஒரு குழாய்க்குள் இன்னொன்றைச் செருகி, சணல் திரித்து அடைத்து, ஈயம் காய்ச்சி ஊற்றினார்கள். சட்டியில் ஈயம் கண்ணாடி மாதிரி மினுங்கினதும், தொடாதேடா என்று அப்பா என் காதைத் திருகினதும் இன்னும் இருக்கிறது. நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். அப்பா எழுபத்தொன்பதில் போய்விட்டார், அவருக்கு எதுவும் உடைவதைப் பார்க்கிற கவலை வரவேயில்லை. ஆனால் ஒன்று, அந்தக் குழாய் மானஸ்தன். மாடியில் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் கீழே ஒரு சத்தம் கேட்காது. மூச்சுக் காட்டாமல் விழுங்கிவிடும். யார் எப்போது போனார்கள், எத்தனை தடவை போனார்கள், எத்தனை வாளி ஊற்றினார்கள் என்று ஐம்பது வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. இந்த மூன்று மாதமாக அந்தக் குழாயை நான் தினமும் நன்றியோடு நினைத்தேன், சாமியைக்கூட அப்படி நினைத்ததில்லை. காலையில் சவரிமுத்து வந்ததும் அதைத் தடவிப் பார்த்தார், ஒரு இடத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினார், உளி பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. “வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும் சார். பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க. உள்ள பூரா போயிருச்சு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? குழாயைப் பற்றிச் சொல்கிறவன் குழாயைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே. “அந்த ஒரு எடத்தை மட்டும் மாத்திர முடியாதாப்பா?” என்றேன். “தொட்டாச்சுல்ல சார். பழைய இரும்பு, ஒரு எடத்துல கை வச்சா மத்த எடமும் உதிரும். மொத்தமா எடுத்துற வேண்டியதுதான்.” தொட்டால் உதிரும். தொடாமல் இருந்தால்? அதைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

முதல் நாள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பீட்ரூட் என்று நினைத்தேன். அன்றைக்கு பீட்ரூட் சாப்பிடவில்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை, ஆனாலும் பீட்ரூட் என்றுதான் நினைத்தேன், மனுஷன் தேவைப்பட்டால் சாப்பிடாததையும் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்வான். மாசி மாதக் கடைசி அது. பங்குனியில் அது மூலம் ஆயிற்று. மூலம் என்றால் பரவாயில்லை, மூலம் யாருக்கு இல்லை, கருணைக்கிழங்கு சாப்பிட்டால் போகும், சூடு. பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் நடைபோகிற சாக்கில் துத்தி இலை பறித்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வந்து, அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றேன். அறுபத்து மூன்று வயதில் பீடி குடிக்கிற பையன் மாதிரி. சட்டியைக் கழுவி வைத்தும் வாசனை போகவில்லை, என்ன வாசனை என்றாள், பூனை வந்துச்சு என்றேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியாது. காலை நாலரைக்கு அவள் எழுந்திருக்கும் முன் போய்விடுவது. இரண்டு வாளி ஊற்றுவது. ஊதுபத்தி. லைட்டைப் போட்டு ஒருமுறை பார்ப்பது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பது. “எதுக்கு இம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க, டேங்கு காலியாவுது” என்றாள் ஒரு நாள். சுத்தம் சோறு போடும் என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், நான் தொண்ணூறு நாள் ஓட்டிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் இல்லை, குழாய் செய்த உபகாரம். சித்திரையில் இரண்டு கிலோ குறைந்தேன். வெயில். வைகாசியில் இன்னும் மூன்று. கல்யாண அலைச்சல். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது, பதில்களைத் தனித்தனியாகத் தட்டினால் ணங் என்றுதான் கேட்டது, சேர்த்துத் தட்டத்தான் தைரியம் இல்லை. அண்ணனும் மூலம் என்றுதான் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கூடத்தில், இதே ஜன்னலோரம், மூலம்டா தம்பி, வேறொண்ணுமில்லை என்று சிரித்தான் பரமசிவம் அண்ணன். அண்ணி முன்பே போய்விட்டாள், பார்த்துக்கொள்ள ஆளில்லை, இங்கேதான் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு அலமாரியைத் திறந்து பார்த்து, தேடினது இல்லை என்று மூடுகிற மாதிரி. அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள். கத்தி பட்டிருக்கக் கூடாது, காத்துப் பட்டா பரவிரும் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். படித்தவன்தான் நான், அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர்களிடமே வாதாடினேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் காத்து என் காதில் வீசும். திறக்கும் வரைக்கும் அண்ணன் நடந்தான், இட்லி சாப்பிட்டான், சீட்டு விளையாடினான். திறந்த பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அவன் துணியையும் விரிப்பையும் டெட்டால் ஊற்றிக் கசக்கினவள் இந்திராணி. வேலைக்காரி மாட்டேன் என்றுவிட்டாள், இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருக்கிறேன், அழகான காரணம், சொன்னால் சம்பந்தி வீட்டில் தள்ளிவைப்பார்கள், குடும்பத்திலேயே ஓடுகிற வியாதியா என்று கேட்பார்கள், பெண்ணின் வாழ்க்கை. எல்லாம் வாஸ்தவம். ஆனால் அதுவா காரணம்? பயமாயிருக்கிறது. பயம், வேறொன்றுமில்லை.

சத்தம் மாறுகிறது. தொப்பு தொப்பு போய், ஏதோ பெரிதாகச் சரிந்து மண்ணில் விழுகிறது, தரை அதிர்ந்து நாற்காலிக் கால் வழியாக எனக்குள் ஏறுகிறது. “சார், வந்து பாருங்க” என்று சவரிமுத்து கூப்பிடுகிறார். போக வேண்டாம். போனால் பார்க்க வேண்டும். போகிறேன், பதினாறு படி, ஒவ்வொரு படியிலும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, யாராவது பார்த்தால் வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி. வாழைமரத்தடியில் குழாய் மூன்று துண்டாகக் கிடக்கிறது. சவரிமுத்துவோடு பைக்கில் வந்த அவர் மச்சான் பெஞ்சமின் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரமாய் நிற்கிறார். சவரிமுத்து ஒரு துண்டை நிமிர்த்தி வாயை என் பக்கம் காட்டுகிறார். நாலு இஞ்ச் குழாய். உள்ளே இரண்டு விரல் போகிற அளவுக்குத்தான் வழி இருக்கிறது. சுற்றிலும் கறுப்பாய், பழுப்பாய், கட்டி கட்டியாய், இரும்பே உள்பக்கமாக வளர்ந்து வந்த மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று, மொட்டு மொட்டாக. நாற்றம்கூட அப்புறம்தான் தெரிகிறது. “இவ்ளோ நாள் இது வழியா எப்படிப்பா போச்சு?” என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. “போவும் சார். ஒரே நாள்ல அடைக்காதுல்ல. கொஞ்சம் கொஞ்சமா வழி குறுகும், போறது போய்க்கிட்டேதான் இருக்கும், வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு நின்னுரும்.” அவர் அதைச் சாதாரணமாகச் சொல்கிறார், தினமும் பத்து வீட்டில் சொல்கிறவர். இந்திராணி சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “அய்ய, அதைப் போயி மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே” என்று கத்துகிறாள். அந்தத் துண்டை யாராவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை. பழைய இரும்புக்காரன் எப்போது வருவான் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் மேலே வருகிறேன், பதினாறு படி, பதின்மூன்றாவதில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகா என்கிறேன். அவன் பேரை மூன்று மாதமாகக் கூப்பிடவில்லை, அவனிடமும் மறைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மணி பதினொன்று இருபது. புதுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள், வெள்ளைப் பிளாஸ்டிக், தூக்க ஒரு ஆள் போதும், சவரிமுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பசை வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. மேல் வளைவு முடிந்தது, நடுக்குழாய் முடிந்தது, அடியில் கழிவுத் தொட்டியோடு சேர்க்கிற வளைவு மட்டும் பாக்கி. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். முடியுமா? ஒரு தடவை போனால் அன்றைய கணக்கு முடிந்தது என்று இருந்த காலம் போய்விட்டது, இப்போதெல்லாம் நாலரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, அப்புறம் அதன் இஷ்டம். எட்டுக்கு வர வேண்டியது இன்று தள்ளிப்போய் ஒன்பதுக்குத்தான் வந்தது, அவள் டேங்குத் தண்ணீரை நிறுத்த கேட் வால்வை மூடுகிற சத்தம் கேட்டு அடக்கிக்கொண்டேன். அடக்கினது இப்போது வட்டியோடு வருகிறது. காலை மடக்கி உட்கார்கிறேன், நிமிர்கிறேன், எழுந்து நடக்கிறேன், நடந்தால் மோசம், உட்கார்கிறேன். நெற்றியில் வியர்வை, கை மட்டும் ஜில்லென்று இருக்கிறது. இந்திராணி வெங்காயக் கூடையோடு வந்து எதிரே தரையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். “என்ன, ஒரு மாரியா இருக்கீங்க?” “ஒண்ணுமில்ல.” “அவசரமா வருதா?” “ஒண்ணுமில்லன்றேன்ல.” “வந்தா பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வாங்க. லூர்து அண்ணன் வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். இதுல என்ன கூச்சம்? காலைல நானே ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்.” லூர்து வீட்டு டைல்ஸ் பால் வெள்ளை. போன வருஷம்தான் போட்டான், ஊரையே கூப்பிட்டுக் காட்டினான். அந்த வெள்ளையில் நான் போய்... அவன் வீட்டில் வாளி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. ஃப்ளஷ் அழுத்தினால் எல்லாம் போகுமா, ஒரு சொட்டு விளிம்பில் நின்றுவிட்டால், அவன் பெண்டாட்டி அடுத்து உள்ளே போனால்? “ரயில்வேக்காரன் அடுத்த வீட்டுக் கக்கூஸுக்குப் போறதாவது” என்று எரிந்து விழுகிறேன். “ஆமா, பெரிய கவர்னரு” என்கிறாள். சொல்லிவிட்டு அவள் எழுந்து போகவில்லை. கத்தி கையில் நிற்கிறது, என் கழுத்தைப் பார்க்கிறாள், சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இப்போது தெரிகிற இடைவெளியைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, பேப்பரை உயர்த்திக்கொள்கிறேன். “கல்யாணத்துக்கு எடுத்த சட்டை தொளதொளன்னுதான் இருக்கும் போலருக்கு” என்கிறாள். சொல்லிவிடலாமா? இதோ இந்த நிமிஷம், வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளலாம். இந்திராணி, எனக்கு, என்று ஆரம்பித்தால் மிச்சம் தானாக வந்துவிடும். வாய் திறக்கிறது. “டீ போட்டுக் குடுத்தியா அவங்களுக்கு?” என்கிறது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வாய் என்னத்தையோ சொல்லித் தொலைக்கிறது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள்.

வலி வருகிறது. இது வேறு மாதிரி, முறுக்கிப் பிழிகிறது, காதுக்குள் இரைச்சல். பதினொன்று ஐம்பது. சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது? காது கொடுக்கிறேன், என் காது என்னை ஏமாற்றினதில்லை. கீழே சவரிமுத்து ஏதோ சொல்கிறார், வளைவு சேரலை, சைஸ் தப்பு என்பது மட்டும் கேட்கிறது, அப்புறம் பைக்கை உதைக்கிற சத்தம், ஒரு உதை, இரண்டு உதை, கிளம்பிவிட்டது, தெருமுனை திரும்பி மாதா கோயில் பக்கம் தேய்ந்து மறைகிறது. இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் வந்தார்கள். போய்விட்டார்கள். கடைக்குப் போய் வளைவு வாங்கி டீ குடித்து வர அரை மணியாவது ஆகும். சமையலறையிலும் சத்தம் இல்லை, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருப்பாள். அடியில் குழாய் இன்னும் தொட்டியில் சேரவில்லை, ஒரு சாண் உயரத்தில் திறந்த வாயோடு நிற்கிறது, போனால் தரையில்தான் விழும், ஆனால் ஆள் இல்லாத நேரம், பின்னாலேயே நான் இறங்கிப் போய் இரண்டு வாளி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிடலாம், மண்ணைப் போட்டு மூடிவிடலாம். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைத்தாயிற்று, இந்த ஒன்றுக்கென்ன. இதெல்லாம் யோசித்தேனா, அல்லது கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகு யோசித்துக்கொண்டேனா தெரியவில்லை. சமையலுக்கென்று அவள் பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீர் என் கையில் இருக்கிறது. உட்கார்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணை மூடினாலும் எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிகிறது, இதுவரை வந்ததிலேயே இதுதான் அதிகம். அண்ணா, என்று கூப்பிடுகிறேன். எதற்கு அவனைக் கூப்பிட்டேன்? பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாளியைச் சாய்த்து முழுதையும் ஊற்றுகிறேன். அப்போதுதான் அது கேட்கிறது. ஐம்பது வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் தடதடவென்று அடித்துக்கொண்டு இறங்குகிறது, மேலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு அடியும் கேட்கிறது, தெருவுக்கே கேட்கும், இது எதையும் விழுங்காது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறது, கடைசியில் அடியில் திறந்த வாயிலிருந்து தரையில் பளாரென்று விழுகிறது. விழுந்த இடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. “ஐயோ, சேசுவே!” சவரிமுத்துவின் குரல். பைக்கில் போனது பெஞ்சமின் மட்டும். அதற்குப் பின்னால், அந்தக் குரல் அடங்கின பின்னால், பித்தளைத் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் வைக்கப்படுகிற சத்தம். மெதுவாக வைக்கப்படுகிறது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும், என் வீட்டுத் தட்டு, டீ தம்ளர் வைத்து எடுத்துப்போகிற தட்டு. டீ போட்டுக் குடுத்தியா என்று கேட்டு அனுப்பினவன் நான்தான்.

கீழே யாரும் திட்டவில்லை. திட்டினால் நன்றாயிருக்கும். யாருங்க தண்ணி விட்டது, அறிவில்லையா என்று அவள் கத்த வேண்டும், கத்தினால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம், நான் காத்திருக்கிறேன், வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கத்துடி, கத்தித் தொலையேன். காகம் கத்துகிறது. சவரிமுத்து ஏதோ தாழ்வாகச் சொல்கிறார், அவள் பதில் சொல்கிறாள், இரண்டு சொல்லோ மூன்று சொல்லோ. பிறகு படி. முதல் படி, இரண்டாவது. அவள் நடையை நான் எங்கே வேண்டுமானாலும் கண்டுபிடிப்பேன், இடது கால் கொஞ்சம் இழுக்கும், முட்டிவலி. எட்டாவது படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நிற்கிறாள்? நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொள்கிறேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் மடித்துக் கீழே வைக்கிறேன். ஒன்பது, பத்து. பதினாறும் முடிந்து வாசலில் வந்து நிற்கிறாள். சேலை ஓரத்தில் தண்ணீர் தெறித்து நனைந்திருக்கிறது. வெறும் தண்ணீர் இல்லை. அவள் அதை மறைக்கவில்லை, நான் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் இருப்பதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, அண்ணனின் விரிப்பைக் கசக்க உட்கார்ந்த அன்றைக்கு இருந்த அதே முகம். “சவரிமுத்து கேக்குறாரு” என்கிறாள், “மேல யாருக்கும்மா உடம்பு சரியில்லன்னு.” நான் தரையைப் பார்க்கிறேன். “எனக்குன்னு சொல்லிரு.” “அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். எங்கிட்ட நீங்க சொல்லுங்க.” முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் சொல்ல இரண்டு வார்த்தைதான் இருக்கிறது. அவள் அவசரப்படுத்தவில்லை. தட்டிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். “மூணு மாசமா” என்கிறேன். அந்தச் சத்தத்தை நானும் கேட்கிறேன், எனக்குத் தெரிந்த சத்தம்தான். “கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன் இந்திராணி. ரெண்டு மாசம்தானே. கரூர்க்காரங்க என்ன நெனப்பாங்களோன்னு. பயமா இருந்துச்சு. அண்ணனைத் தொறந்து பாத்த மாரி...” அவள் ஈரச் சேலையோடு பக்கத்தில் வந்து, என் தோளில் எலும்பு துருத்துகிற இடத்தில் கையை வைக்கிறாள். “வண்டி லேட்டாவுதுன்னு ஒரு தடவையாவது விட்டிருக்கீங்களா?” என்று கேட்கிறாள். நான் இல்லை என்று தலையாட்டுகிறேன். கீழே பைக் திரும்பி வந்து நிற்கிறது, பெஞ்சமின் ஏதோ கேட்கிறார், சவரிமுத்து மறுபடியும் வேலையைத் தொடங்குகிறார். இந்திராணி உள்ளே போய் அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த சட்டையை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியிலிருந்து என் பழைய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறாள். “போட்டுக்குங்க” என்கிறாள். “ஆட்டோவுக்குச் சொல்றேன்.”